கணினியும் கமகமும்

வீட்டிலிருக்கும் கணினியைக் கொண்டு இசையமைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளாயினும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களாயினும், என்னைக் கண்டவுடன் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: எந்த சாஃப்ட்வேரை வாங்கலாம்? கேள்வி நியாயமானது; பதிலும் ஒரு பத்தியில் அடங்கிவிடக்கூடியது. ஆனால் அந்தப் பதிலைப் பெற்றுக்கொண்டு போனவர்களில் பலர் சில வாரங்களுக்குள் உற்சாகம் குன்றி, "நமக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று கணினியை மூடிவைத்துவிடுகிறார்களே, அதற்குக் காரணம் மென்பொருளின் குறையும் அன்று, அவர்களுடைய ஞானத்தின் குறையும் அன்று. இந்த யந்திரத்தோடு எவ்வாறு பழகுவது என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லாததுதான். ஆகவே இன்றைய பதிவில் அதைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன். காபியை ஆற்றிக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம்.

முதலில் அந்த ஒரு பத்திப் பதிலைக் கொடுத்துவிடுகிறேன். பணம் செலவிட விருப்பமில்லாதவர்களுக்கு எல்எம்எம்எஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஆப்பிள் கணினி வைத்திருப்பவர்களுக்கு கராஜ்பேண்ட் காசில்லாமலே கிடைக்கிறது. பாட்டைப் பதிவு செய்து, வேண்டாத இடத்தை வெட்டி, வேண்டிய இடத்தை ஒட்டினால் போதும் என்பவர்களுக்கு ஆடாசிட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் நாம் எல்லோரும் எம்பி3 பாட்டுக் கேட்ட வின்ஆம்பைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கல் பிற்பாடு உருவாக்கிய ரீப்பர், சொந்த உபயோகத்துக்கு 60 டாலர் விலையில் கிடைக்கிறது. க்யூபேஸ், எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ் முதலியவை இன்னும் செலவு பிடிப்பவை. அவற்றில் ஒன்றில் கைதேர்ந்த நண்பர் ஒருவர் அருகில் இருந்தால் அதையே வாங்கிக்கொள்ளலாம், ஏனென்றால் சந்தேகம் கேட்க ஓர் ஆள் இருப்பது எந்த வசதியைக் காட்டிலும் பெரிய வசதி. இவற்றில் எதை எடுத்தாலும் இந்தப் பதிவில் நான் சொல்லப்போகிற யாவும் பொருந்தும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சிறு வயதில் கும்பகோணத்தில் பாட்டு வாத்தியார் ஒருவரிடம் நான் வர்ணம் வரையில் கற்றுக்கொண்டேன். அவர் பாடுவார், நாங்கள் திருப்பிப் பாடுவோம். சரியாக இருந்தால் அடுத்த வரி, இல்லாவிட்டால் அதே வரி. இந்த ஸ்வரம் ஏன் அசைகிறது, எந்த எல்லைக்கும் எந்த எல்லைக்கும் நடுவே அசைகிறது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. கேட்டுக் கேட்டு, பாடிப் பாடி, காரணம் தெரியாமலே காரியம் கைவந்துவிடும் என்பதுதான் அந்தச் சம்பிரதாயத்தின் ரகசியம். கணினியின் முன் உட்காரும்போதோ, நிலைமை தலைகீழாகிவிடுகிறது. இங்கே சிஷ்யன் யந்திரம். குருவின் ஸ்தானத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். இந்தச் சிஷ்யனுக்குச் சோர்வு கிடையாது, மறதி கிடையாது, கீழ்ப்படியாமை கிடையவே கிடையாது, செவியும் கிடையாது. சொல்வதைச் சொன்னபடி செய்வான். சொல்லாததை ஊகித்துச் செய்யமாட்டான். நம் தொண்டையும் விரலும் காரணம் தெரியாமல் செய்துகொண்டிருந்த ஒவ்வொன்றையும் அவனுக்கு எண்ணாலும் கோட்டாலும் விளக்கிச் சொல்ல வேண்டியிருப்பதால், விளக்கும் பொருட்டு முதன்முறையாக நாம் அதைக் கூர்ந்து கேட்கத் தொடங்குகிறோம். கணினி இசைப் பயிற்சியின் பெரும் பயன் அந்தக் கேள்வி ஞானமே என்பது என் அபிப்பிராயம்.

யந்திரத்தின் இயல்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது. கணினிக்குள் இசை இரண்டு ரூபங்களில் இருக்கிறது. ஒன்று ஒலியின் ரூபம்: ஒலிவாங்கியில் வந்து மோதும் காற்றின் அசைவை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்து வைப்பது. மனிதச் செவி உணரக்கூடிய அதிர்வு ஏறக்குறைய விநாடிக்கு 20,000 வரை என்பதாலும், ஓர் அதிர்வைத் தவறாமல் குறிக்க அதைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட அளவுகள் வேண்டும் என்பதாலும், 44,100 என்ற அந்த எண் குறுந்தகட்டுக் காலத்தில் நிலைபெற்று இன்றுவரை வழங்கி வருகிறது. இடக்காது, வலக்காது என இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிஷ இசை ஏறத்தாழ 10 மெகாபைட் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

மற்றொன்று கட்டளையின் ரூபம். அதில் ஒலியே இல்லை. இன்ன ஸ்வரத்தை, இன்ன வேகத்தில் அழுத்து, இன்ன கணத்தில் விடு என்ற ஆணைகள் மட்டுமே உண்டு. இதற்கு மிடி என்று பெயர். 1983-ஆம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில், அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் ப்ராஃபெட்-600 என்ற ஸிந்தஸைசரையும் ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் ஜுபிடர்-6 என்பதையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் வாசித்தது மற்றொன்றிலும் ஒலிக்கும்படி செய்து காட்டினார்கள். அந்த அமெரிக்கக் கம்பெனியின் டேவ் ஸ்மித், ரோலண்டின் இகுடாரோ காகெஹாஷி ஆகிய இருவரும் இந்த ஏற்பாட்டுக்கு முக்கிய காரணகர்த்தாக்கள். வியாபாரத்தில் போட்டியாளர்களாக இருந்தும் இந்த மொழியை எல்லோரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அவர்கள் விட்டுக்கொடுத்ததால்தான், இன்று நம் வீட்டு மேஜைமேல் இருக்கும் மலிவான கீபோர்டு எந்தக் கணினியோடும் தடையின்றிப் பேசுகிறது. கணினி இசையின் கதை இதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது: 1957-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மாக்ஸ் மாத்யூஸ் எழுதிய நிரல், அறை நிறைந்த ஐபிஎம் கணினியில் 17 விநாடி இசையைப் பிறப்பித்தது. மிடிக்குப் பிறகோ, 1985-இல் வந்த அடாரி எஸ்டி என்ற வீட்டுக் கணினி மிடி துளைகளைத் தன் உடம்பிலேயே கொண்டு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நம் சென்னையிலேயே, 1989-இல் ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்துத் தம் வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்தார். 1992-இல் வந்த 'ரோஜா' அவருக்குத் தேசிய விருதைக் கொண்டு வந்தது. வீட்டில் இருந்துகொண்டு இசை செய்வது நமக்கு அந்நியமான சங்கதி அன்று.

உபகரணங்களைப் பற்றி நீட்டி முழக்கப்போவதில்லை. இரண்டு ஸ்தாயி உள்ள சிறிய மிடி கீபோர்டு ஒன்று, காதை முழுவதும் மூடும் ஹெட்ஃபோன் ஒன்று, பாட உத்தேசித்தால் மைக்கும் அதைக் கணினியோடு சேர்க்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும்: ஆரம்பத்துக்கு இவை போதும். அறைதான் முக்கியம். துணிமணி நிறைந்த அலமாரியும் மெத்தையும் உள்ள படுக்கையறை, பளிங்குத் தரை போட்ட கூடத்தைவிட ஆயிரம் மடங்கு உத்தமம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். வேர்க்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். குக்கர் விசிலுக்கும் தெருவில் போகும் ஆட்டோவின் ஹாரனுக்கும் விடியற்காலை ஒன்றே பரிகாரம்.

இவை எல்லாம் அடங்கிய பிறகும் ஹெட்ஃபோனில் மெல்லிய ரீங்காரம் ஒன்று தங்கிவிடுவது உண்டு. எர்த் சரியில்லாத மின் இணைப்பின் கைங்கரியம் அது. நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை அதிர்கிறது. ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறவருக்கு அடி ஸ்தாயிப் பஞ்சமம் விநாடிக்கு 49 அதிர்வு. ஆக, அந்த ரீங்காரம் பஞ்சமத்துக்கு அடுத்தாற்போல், ஆனால் ஒரு அரைஸ்வரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறி நிற்கிறது. சுருதியோடு சேர்வதுபோலப் பாசாங்கு செய்து சேராமல் நிற்கும் இந்த ஒலி, காதுள்ளவர்களுக்கு எவ்வளவு ஹிம்ஸை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மடிக்கணினியை பேட்டரியில் ஓட விட்டாலே பல வீடுகளில் இது ஓய்ந்துவிடும்.

முதல் பாடம் சுருதி. இதில் நம் பெரியவர்கள் வகுத்த வரிசையை மாற்ற எந்த முகாந்திரமும் இல்லை. மென்பொருளைத் திறந்தவுடன் தாளக்கட்டு லூப்புகளையும் பியானோ ஒலிகளையும் தேடிப் போகாமல், நல்ல தம்பூராப் பதிவு ஒன்றை முதல் ட்ராக்கில் வைத்துவிட்டு, அதன்மேல் கீபோர்டில் ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் வாசித்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்தர காந்தாரத்தை வாசித்து, விரலை எடுக்காமல் நிறுத்திக் கேளுங்கள். ஏதோ ஒன்று உறுத்தும். தம்பூராவின் மந்தரத் தந்தி தானாகவே எழுப்புகிற ஸ்வயம்பு காந்தாரம் ஒன்று இருக்கிறது. பியானோ வழியில் வந்த கீபோர்டின் காந்தாரமோ, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்த கணக்கில் பிறந்தது. அரைஸ்வரத்தை நூறு பங்காக்கி அந்த ஒரு பங்குக்கு சென்ட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் தம்பூராவின் காந்தாரம் 386 சென்ட்டில் இருக்க, கீபோர்டின் காந்தாரம் 400 சென்ட்டில் இருக்கிறது. மத்திம ஸ்தாயியில் ஒரு கட்டைச் சுருதிக்கு இந்தப் பதினான்கு சென்ட் வித்தியாசம், விநாடிக்கு இரண்டரைத் தடவைக்குச் சற்று மேலாக எழுந்து தணியும் ஓர் அலையாகக் காதில் விழும். மென்பொருளில் அந்த ஸ்வரத்தை மட்டும் பதினான்கு சென்ட் இறக்கிவிட்டால் அலை அடங்கி, காந்தாரம் தம்பூராவுக்குள் போய் அமர்ந்துகொள்ளும். பஞ்சமத்தில் இந்தத் தொல்லை ஏன் இல்லை என்றால், அங்கே வித்தியாசம் இரண்டே சென்ட். பாட்டு வாத்தியார் "காந்தாரம் ஏறுகிறது" என்று தலையை ஆட்டியபோது எதைக் கேட்டு ஆட்டினார் என்பது, இந்த ஒரு பரிசோதனையில் பிரத்தியட்சமாகிவிடுகிறது.

கீபோர்டில் கட்டையை அழுத்திய கணத்துக்கும் ஒலி காதில் விழும் கணத்துக்கும் நடுவே ஒரு தாமதம் உண்டு, லேட்டன்சி என்பார்கள். கணினி எண்களைச் சிறிது சேர்த்து வைத்துக்கொண்டு மொத்தமாக வெளியே அனுப்புவதால் வருவது இது. 1,024 எண்களைச் சேர்த்து வைத்தால் தாமதம் 23 மில்லி விநாடி. 256 என்று குறைத்தால் 6 மில்லி விநாடிக்குள். சப்தம் காற்றில் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், முன்னது எட்டு மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரோடு சேர்ந்து பாடுவதற்குச் சமானம். பின்னது இரண்டு மீட்டரில், மேடையில் வழக்கமாக அவர் உட்காரும் இடத்தில் இருப்பதற்குச் சமானம். விண்டோஸ் கணினியில் ஆஸியோ வகை டிரைவரைப் போட்டு, இந்த எண்ணை 256-க்கோ அதற்குக் கீழோ இறக்கிவிட்டால் விரலும் காதும் சமாதானமாகிவிடும். லயம் கைகூடவில்லை என்று தன்னையே நொந்துகொண்டிருந்த ஒருவருக்கு, இந்த ஒரு மாற்றத்திலேயே லயம் திரும்பிவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி கமகம். நம் சங்கீதத்தில் தோய்ந்தவர்கள் கணினியைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு முக்கிய காரணம் இதுதான், பியானோ ரோல் என்ற திரையில் ஸ்வரங்கள் சின்னச் சின்ன நீள் சதுரங்களாக, ஒன்றுக்கொன்று உறவில்லாமல் நிற்பதைக் கண்டவுடன், "இதில் எங்கே ஐயா ராகம் வரப்போகிறது?" என்று கேட்கத் தோன்றுவது இயற்கை. இந்தக் கேள்வி புதிதன்று. நாடக மேடையில் ராஜபோகம் அனுபவித்த ஹார்மோனியத்தை, ஸ்வரங்களை அசைக்க இயலாத வாத்தியம் என்ற காரணத்தையும் சொல்லி அகில இந்திய வானொலி 1940-இல் விலக்கி வைத்தது. 1971-க்குப் பிறகே அந்தத் தடை தளர்ந்தது. அதற்கும் முன்பே, முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர் ஐரோப்பியரின் வயலினைக் கையிலெடுத்தபோது, மெட்டு இல்லாத அந்த வாத்தியத்தில் விரல் வழுக்கிச் செல்ல இடமிருந்ததனால் அது நம் வாத்தியமாகவே ஆகிவிட்டது. கணினியை இந்த இரண்டில் எந்தக் கட்சியில் சேர்ப்பது? மேலே பார்த்தால் ஹார்மோனியம். உள்ளே போய்ப் பார்த்தால் வயலின். அதனுள் ஸ்வரம் என்பது ஓர் எண். எண்ணுக்கு மெட்டு ஏது?

மிடி மொழியில் பிட்ச் பெண்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஸ்வரத்தை மேலும் கீழும் வளைப்பதற்கான அந்தக் கட்டளைக்கு 16,384 படிகள் உண்டு; வழக்கமாக மேலே இரண்டு அரைஸ்வரம், கீழே இரண்டு அரைஸ்வரம் என்ற எல்லைக்குள் அவை பரந்திருக்கும்; அதாவது ஒரு சென்ட்டுக்குச் சுமார் நாற்பது படி. எந்தச் செவிக்கும் இது எட்டாத நுட்பம். இதைக் கொண்டு தோடியின் காந்தாரத்தை வரைந்து பார்ப்பது என்று ஒரு நாள் மாலை உட்கார்ந்தேன். சாதாரண காந்தாரத்தின் ஸ்தானம் ஸட்ஜமத்திலிருந்து மூன்றாவது அரைஸ்வரம். தோடியிலோ அது அங்கே நிற்பதே அபூர்வம், கீழே ரிஷபத்தின் பக்கம் போவதும் மேலே சுத்த மத்திமத்தைத் தொடுவதுமாக ஊசலாடுவதுதான் அதன் ஸ்வரூபம். ரிஷபம் ஒன்றாவது அரைஸ்வரம், மத்திமம் ஐந்தாவது. ஆக மேலும் கீழும் இரண்டிரண்டு என்ற அந்த வழக்கமான எல்லையே இந்த அசைவுக்குச் சரியாக அமைந்திருக்கிறது. ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாருவாகப் போக வேண்டுமானால்தான் எல்லையைப் பன்னிரண்டு என்று விரித்துக்கொள்ள வேண்டும்.

ஏறி இறங்கும் அலையை ஒரே சீராக வரைந்தால் வருவது தோடி அன்று. ஆம்புலன்ஸ் வண்டியின் கூவல். அப்போது செய்ய வேண்டியது, வித்வான் ஒருவருடைய பழைய இசைத்தட்டுப் பதிவை மென்பொருளில் ஏற்றி, சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாகக் குறைத்து, அந்தக் காந்தாரத்தைத் தனியே கத்தரித்துத் திரும்பத் திரும்பக் கேட்பது. அப்படிக் கேட்கும்போது, மேலே போகும் வேகமும் கீழே வரும் வேகமும் ஒன்றல்ல என்பதும், அசைவின் ஓரத்தில் குரல் ஒரு கணம் நின்று பிறகே திரும்புகிறது என்பதும், ஒவ்வொரு சுற்றிலும் மத்திமத்தை ஒரே அளவில் தொடுவதில்லை என்பதும், நீண்ட காந்தாரம் முடியும் தறுவாயில் அசைவு சுருங்கி அடுத்த ஸ்வரத்துக்கு வழிவிடுகிறது என்பதும் புலப்படும். இவற்றை ஒவ்வொன்றாகக் கோட்டில் ஏற்ற ஏற்ற, திரையில் அழகான அலை குலைந்து கோணலாகிக்கொண்டே போகிறது. காதிலோ தோடி மெல்ல மெல்ல நெருங்கி வருகிறது. சென்னையைச் சேர்ந்த எம். சுப்ரமணியன் 'காயக' என்று ஒரு மென்பொருளையே இதற்காக உருவாக்கி, ஸரிகம எழுத்துகளையும் கமகக் குறிகளையும் தட்டச்சு செய்தால் கணினி வாசிக்கும்படி செய்திருக்கிறார் என்பதை அறிந்தவர்கள், இது வீண் பிரயாசை என்று சொல்லமாட்டார்கள். யந்திரம் ஒருபோதும் அந்த வித்வானைப் போலப் பாடப்போவதில்லை. ஆனால் அந்த மாலைக்குப் பிறகு கச்சேரியில் யார் தோடி பாடினாலும், முன்பு எனக்குக் கேட்காதவை எல்லாம் கேட்கின்றன.

லயத்தின் கதை வேறு. அங்கே கணினி நம்மைவிடக் கெட்டி. அந்தக் கெட்டித்தனம்தான் சங்கடம். என் அண்ணன் மகள் கல்லூரி மாணவி. இந்த வித்தையில் எனக்கு மூத்தவள் என்றே சொல்ல வேண்டும். மிச்ர சாபுவில் நான் கீபோர்டில் தட்டிப் பதிவு செய்திருந்த மிருதங்கச் சொற்களைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"சித்தப்பா, எல்லாத்தையும் செலக்ட் பண்ணிட்டு க்யூ அழுத்துங்க. எல்லாம் கட்டத்துல போய் நேரா உட்காந்துரும்."

அழுத்தினேன், உட்கார்ந்தது. இப்படிக் கட்டத்துக்கு இழுப்பதைக் குவாண்டைஸ் என்பார்கள். தகிட தகதிமி என்ற ஏழும் கட்டத்தின் கோடுகளில் மயிரிழை பிசகாமல் நின்றன. தாளம் சுத்தம், ஆனால் உயிர் எங்கோ போய்விட்டிருந்தது. அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"முழுசா இழுத்தா இப்படித்தான் இருக்கும். ஸ்ட்ரெங்த்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதை அம்பதுல வைங்க. பாதி தூரம் இழுக்கும், மீதி உங்க கையிலயே விட்டுரும்."

பாதி தூரம் என்ற அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. தட்டியதில் அலட்சியத்தால் நேர்ந்த விலகலும் இருக்கிறது, அழகுக்காகக் கை தானே செய்த விலகலும் இருக்கிறது. எது எது என்று யந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே பாதி இழுத்துவிட்டு, பிறகு ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, தகதிமியின் கடைசி எழுத்து சற்றே பின்தங்கி வருவது நன்றாயிருக்கிறதா, எடுப்பு சமத்துக்கு முன்பே விழுவது வேண்டுமென்றே செய்ததுதானா என்று தீர்மானிப்பது நம் பொறுப்பு. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மென்பொருள் திறக்கும்போதே நாலு நாலாக எண்ணும் மேல்நாட்டுக் கணக்கில்தான் திறக்கும். ஆதி தாளம் அதில் இரண்டு கட்டங்களாக அடங்கிவிடும். மிச்ர சாபுவுக்கு ஏழு என்று மாற்ற வேண்டும். கண்ட நடைக்கு ஓர் அட்சரத்தை ஐந்தாகப் பிரிக்கும்படி கட்டத்தையே திருத்த வேண்டும். பலர் இதைத் திருத்தாமல் இருந்துவிட்டுத் தங்கள் கற்பனையே நாலு நாலாகப் போவதைக் கண்டு வியக்கிறார்கள்.

மிருதங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ஒரு வார்த்தை. 1991-இல் வகுக்கப்பட்ட ஜெனரல் மிடி என்ற பொதுப் பட்டியலில் 128 வாத்தியங்களுக்கு இடம் உண்டு. ஸிதாருக்கு 105-ஆவது இடமும் ஷெனாய்க்கு 112-ஆவது இடமும் இருக்கின்றன. வீணை இல்லை, நாகஸ்வரம் இல்லை, தாளவாத்தியங்களில் மிருதங்கமும் இல்லை. கோபித்துப் பயனில்லை, தனியே பதிவு செய்த சாம்பிள்களைத் தேடிப் பெற வேண்டும், அல்லது நண்பரான மிருதங்கக்காரரை வீட்டுக்கு அழைத்து, ஒவ்வொரு சொல்லையும் பல தடவை வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பல தடவை என்பது முக்கியம். ஒரே 'நம்'மையே திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் செவி இரண்டாவது ஆவர்த்தத்திலேயே போலியைக் கண்டுபிடித்துவிடும். தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி எழுப்பும் கும்கியோ, சாம்பிளில் அடைபடவே படாது. அதற்குக் காந்தாரத்துக்குச் செய்ததுபோல் பிட்ச் பெண்டைத்தான் நாட வேண்டும். வெறும் தோற்பரப்பின் அதிர்வுகள் ஒன்றோடொன்று இணங்காதவை. வலந்தலையின் நடுவே பூசிய கரணைதான் அவற்றை இணங்க வைத்து, மிருதங்கத்துக்குச் சுருதி கொடுக்கிறது என்பதைச் சர் சி. வி. ராமன் 1920-இலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கணினியில் மிருதங்கத்தைச் செயற்கையாகப் பிறப்பிக்க முயன்று பாருங்கள். அந்தக் கரணையைத் தடவி வைத்த பெயர் தெரியாத கைவினைஞர்களின் மீது பக்தியே உண்டாகிவிடும்.

தந்தி வாத்தியத்தைச் செயற்கையாகப் பிறப்பிப்பதோ எதிர்பாராத வகையில் எளிது. 1983-இல் ஸ்டான்ஃபோர்டில் கார்ப்ளஸ், ஸ்டிராங் என்ற இருவர் வெளியிட்ட முறை இது: ஒழுங்கே இல்லாத வெறும் இரைச்சலில் நூறு எண்களை எடுத்துக்கொண்டு, அவற்றைச் சுற்றிச் சுற்றி ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரண்டு எண்களின் சராசரியை எடுத்து வைத்துக்கொண்டே வந்தால், விநாடிக்குச் சுமார் 440 அதிர்வுள்ள மீட்டிய தந்தியின் ஒலி பிறந்து, பளபளப்பு மங்கி, இயல்பாக ஓய்ந்துவிடுகிறது. நூறை இருநூறாக்கினால் ஒரு ஸ்தாயி கீழே. கணக்கு இவ்வளவுதான். இத்தகைய சிறு உபாயங்களோடு மாதக்கணக்கில் விளையாடுவது, பத்தாயிரம் ஒலிகள் அடங்கிய தொகுப்புகளை வாங்கிக் குவித்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே காலம் கழிப்பதைவிட மேலானது. மூன்றே குரல்கள் உள்ள காமடோர் 64-லும், நாலே ஒலித்தடங்கள் உள்ள அமிகாவிலும் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் இசை செய்தார்கள். அவர்களுக்கு வசதி இல்லாதிருந்தது, ஆகையால் தீர்மானம் இருந்தது. ஒரு சிறு உருப்படிக்கு நாலு ட்ராக்குக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே ஒரு விரதம் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்ததை முடித்துவிடும் பழக்கமும் அவசியம். தொடங்கி நிறுத்திய இருபது துண்டுகளைவிட, முதலும் முடிவும் உள்ள ஒரு நிமிஷ உருப்படி ஒன்று அதிகம் கற்றுக்கொடுக்கும். முடித்த பிறகு ஹெட்ஃபோனில் மட்டும் கேட்டுத் திருப்தி அடையாமல், செல்ஃபோனின் சிறு ஒலிபெருக்கியிலும் கேளுங்கள். மந்தர ஸ்தாயி முழுவதும் காணாமல் போய்விட்டிருக்கும். எந்த ஸ்வரங்கள் அங்கேயும் பிழைத்திருக்கின்றனவோ அவற்றைக் கொண்டுதான் கேட்கிறவர்கள் உங்கள் ராகத்தை அறிந்துகொள்ளப் போகிறார்கள்.

"ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முழுப் பாட்டையே செய்து தரும் யந்திரங்கள் வந்துவிட்ட காலத்தில் இந்தப் பாடு எதற்கு?" என்று கேட்கக்கூடும். பாட்டு வேண்டியவர்களுக்கு அது போதும். பதினான்கு சென்ட்டைத் தன் காதால் கேட்க விரும்புகிறவர்களுக்கு அது உதவாது. அங்கே யந்திரம் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. எனவே நாமும் எதையும் கேட்காமலே இருந்துவிடலாம். நான் மேலே விவரித்த மந்தமான சிஷ்யனோ, ஒவ்வொரு கட்டத்திலும் "எப்படி?" என்று கேட்டு நிற்கிறான்; நாம் பதில் தேடிப் போகிற வழியில்தான் ஞானம் சேருகிறது. மேடையேறாத என்னைப் போன்ற சாமானிய ரஸிகர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் வேறென்ன வேண்டும்?

முதல் மாதத்துக்கான பயிற்சியைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு தம்பூரா ட்ராக். அதன்மேல் மோகனத்தின் ஐந்தே ஸ்வரங்களில், உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு ஒலியில், ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தத்துக்குச் சொந்தமாக ஒரு மெட்டு. காந்தாரத்தைப் பதினான்கு சென்ட் இறக்க மறவாதீர்கள். குவாண்டைஸ் பாதிக்கு மேல் வேண்டாம். முடித்ததை யாராவது ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். வீட்டில் இருக்கும் பாட்டியாக இருந்தால் விசேஷம், ஏனென்றால் அவர் தயவு தாட்சண்யம் பார்க்கமாட்டார். அடுத்த பதிவில் மைக் வைக்கும் முறையையும் பாட்டுப் பதிவையும் பற்றி எழுதுகிறேன். தோடிக்கு அவசரமில்லை, மோகனம் தேறட்டும்.